கணக்கில் வராத சாவு

(ஆழிப்பேரலை நினைவு நாளையொட்டி நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நோட்டீசில் ‘பேரழிவும் தலித்துகளும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய விஷயத்தை முழுசாகப் பேசுகிற தெம்பு எனக்கு இல்லை. நான் ஒரே ஒரு சாவைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். எங்க அண்ணன் சாவு. அந்தச் சாவு ஒரு குடும்பத்தையும் ஒரு சிநேகிதத்தையும் என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்கிறேன். அதில் நான் செய்த தப்பும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் இந்த மேடையில் நிற்க எனக்கு அருகதை இல்லை.

கல்பாக்கம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அணு உலைதான் ஞாபகம் வரும். 1984இலும் 1986இலும் இரண்டு உலைகள் வணிகரீதியாக மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தன. பக்கத்திலேயே ஆராய்ச்சி மையம், அதிகாரிகளும் ஊழியர்களும் குடியிருக்க டவுன்ஷிப். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கட்டிய கோட்டை. கடலை ஒட்டிக் குப்பங்கள். குப்பத்துக்கு மேற்கே சவுக்குத் தோப்பு. அதற்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய். கால்வாயைத் தாண்டினால் ஊர். ஊரையும் தாண்டினால் நாங்க. எங்க சேரி பேரையும் அந்தக் குப்பத்தின் பேரையும் நான் சொல்லப்போவதில்லை. சம்பந்தப்பட்டவங்க பாதிப் பேர் உயிரோடு இருக்காங்க. அவர்களைக் காட்டிக்கொடுக்க நான் இங்கே வரவில்லை.

கழனி வேலை இல்லாத நாளில் எங்க ஆளுங்க கரைக்குப் போவாங்க. ஐஸ் உடைக்கிறது, மீன் பெட்டி தூக்குறது, வலை உலர்த்துறது, படகைக் கரையேத்தத் தோள் கொடுக்கிறது. சம்பளம்னு ஒண்ணு கிடையாது. ஒரு கூறு மீனு, கையில் கொஞ்சம் காசு. மீனவர்களுக்கு நாங்க சொந்தமும் இல்லை, பங்காளியும் இல்லை. ஆனாலும் பழக்கம் உண்டு. குப்பத்தில் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். எட்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. எங்க வீட்டுக்கு வந்து கறிச்சோறு தின்பான். அவன் வீட்டு வாசலில் நான் உட்காருவேன். உள்ளே போனதில்லை. அந்த வித்தியாசம் அப்ப எனக்கு உறைக்கவும் இல்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆறரை மணிக்கெல்லாம் சுமத்ரா பக்கம் பூமி ஆடிவிட்டது. அலை நம்ம கரைக்கு வந்து சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேலே இருந்தது. அந்த நேரத்தில் யாராவது ஒரு தண்டோரா போட்டிருந்தால் போதும். சொல்றதுக்கு ஆள் இல்லை. இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் தொடங்கியதே 2007இல்தான். முதல்நாள் ராத்திரி சிநேகிதன் வந்து, “நாளைக்கு ஞாயித்துக்கிழமைடா, மீனுக்கு நல்ல கிராக்கி இருக்கும், உங்கண்ணனை வரச்சொல்லு”ன்னு சொல்லிட்டுப் போனான். நான்தான் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் விடியற்காலை கிளம்பிப் போனாரு. ஒன்பது மணி வாக்கில் கடல் உள்ளே வந்தது.

சேரிக்குத் தண்ணீர் வரவில்லை. அலையைக் கால்வாய் வாங்கிக்கொண்டது. பல இடங்களில் பக்கிங்காம் கால்வாய்தான் மேற்கே இருந்த ஊர்களைக் காப்பாற்றியது என்று பின்னால் ஆராய்ச்சிக்காரர்களும் சொன்னார்கள். காப்பாற்றியது நிசம்தான். அதே கால்வாயைக் காட்டித்தான் பிறகு எங்களைப் ‘பாதிக்கப்படாத பகுதி’ என்றார்கள்.

அன்றைக்கு அணு உலையில் என்ன நடந்தது என்பதற்கு ஒழுங்கான கணக்கு இருக்கிறது. கடல்நீர் எடுக்கிற பம்பு வீட்டில் தண்ணீர் ஏறியது, ஓடிக்கொண்டிருந்த உலை நிறுத்தப்பட்டது, புது ஈனுலைக்குத் தோண்டி வைத்திருந்த பள்ளத்தில் கடல் நிரம்பியது, ஜனவரி 2ஆம் தேதி உலை மறுபடி ஓடியது. எல்லாம் பதிவாகியிருக்கிறது. டவுன்ஷிப்பிலும் உயிர்கள் போயின. அவங்க பேரும் பதிவில் இருக்கு. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பம்பு நனைந்ததை எழுதி வைக்கத் தெரிந்த நாட்டில், பெட்டி தூக்கப் போனவன் செத்ததை எழுதி வைக்க ஒரு நோட்டு இல்லை. என் கேள்வி அதுதான்.

எழுதி வைப்பதிலும் அரசியல் உண்டு தோழர்களே. 2003 ஜனவரி 21ஆம் தேதி இதே கல்பாக்கத்தில், எரிபொருள் மறுசெயலாக்க ஆலையில் ஒரு வால்வு பழுதாகி ஆறு தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். வெளியே ஜனங்களுக்குத் தெரிய மாதக்கணக்கு ஆனது. தொழிற்சங்கம் சத்தம் போட்டதால்தான் அதுவும் வந்தது. விபத்து நடப்பது ஒரு நொடி. அது விபத்தா, யாருக்கு விபத்து, எத்தனை பேருக்கு என்று தீர்மானிப்பது பிறகு, வேறு இடத்தில், வேறு ஆட்களால். அந்த இடத்தில் நாம் இருக்கிறோமா என்பதுதான் விஷயம்.

அண்ணனை மூணாவது நாள் சவுக்குத் தோப்பில் கண்டெடுத்தோம். அடையாளம் சொன்னது இடுப்பு அரைஞாண் கயிறுதான். அணு உலை வெடிச்சிடுச்சுன்னு யாரோ கிளப்பிவிட்ட வதந்தியில் ஜனம் மேற்கே ஓடிக்கொண்டிருந்த நேரம். போலீசு இல்லை, ஆபீசர் இல்லை. நாங்களே பாயில் சுத்தி எடுத்துவந்து எங்க சுடுகாட்டில் புதைத்துவிட்டோம். நாறிப்போன உடம்பை வைத்துக்கொண்டு யாருக்குக் காத்திருப்பது? ஆனால் அரசாங்கத்தின் கண்ணில் அதுதான் நாங்க செய்த தப்பு. எவனும் பார்த்து எழுதாத பிணம், செத்த பிணமே இல்லை.

இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு ஒரு லட்சம், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து ஒரு லட்சம், ஆக ரெண்டு லட்சம் என்று அறிவித்தார்கள். மனு எழுதிக்கொண்டு போனேன். “உங்க காலனி லிஸ்ட்லயே இல்லையே”ன்னாங்க. செத்தது காலனியில் இல்லை சார், கரையில் என்றேன். “அப்ப குப்பத்து லிஸ்ட்ல வரணும்”ன்னாங்க. குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் போனோம். “எங்க குப்பத்துக்கு வரி கட்டுற தலைக்கட்டுதான் எங்க லிஸ்ட்ல வரும். உங்க ஆளுக்கு நாங்க எப்படிப்பா பேரு கொடுக்கிறது?” கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார் பெரியவர். அவருக்கு அன்றைக்குச் சொந்தப் பேரப் பிள்ளை செத்திருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குத் தெரிந்த நியாயம் அது.

பாக்கி இருந்தது ஒரே வழி. அண்ணன் அன்றைக்குக் கரையில் இருந்தார் என்று கண்ணால் பார்த்தவன் ஒருத்தன் எழுதிக் கொடுக்கணும். பார்த்தவன் என் சிநேகிதன். அவனுடைய படகுக்குத்தான் அண்ணன் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். “பஞ்சாயத்துல பேசியிருக்காங்கடா. வெளியாளுக்கு யாரும் தனியா கையெழுத்துப் போடக்கூடாதாம். தண்டம் போடுவாங்க”ன்னான். வெளியாள். பத்து வருசம் அவன் வலையைத் தூக்கியவர் வெளியாள். நான் அவனைப் பார்த்துச் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை சொன்னேன். “நீ கூப்பிட்டுத்தானே செத்தான்”னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இதை எங்க ஊர்க்கதை என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் சுனாமியில் செத்தவர்கள் கிட்டத்தட்ட எட்டாயிரம் பேர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். அங்கே முகாம்களில் தலித்துகளைத் தனியே ஒதுக்கியதும், நிவாரணம் எட்டாமல் போனதும் அப்பவே வெளிவந்தது. 2005இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையும் தலித்துகளும் பழங்குடிகளும் விடுபட்டதைப் பேசியது. ஆனால் பிணம் எடுக்க மட்டும் நம்ம ஆளுங்க ஞாபகம் வந்தார்கள். மற்ற நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரியில் ஏற்றி நாகைக்குக் கொண்டுபோனார்கள். நிவாரணக் கணக்கு படகையும் வலையையும் வைத்துப் போடப்பட்டது. படகு வைத்திருந்தவனுக்குப் படகு போனது. படகு தள்ளியவனுக்கு என்ன போனது? கூலி போனது. கூலி போனதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. வந்த தொண்டு நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு பைபர் படகு கொடுத்தன. அலைக்கு முன்னால் இருந்ததைவிட அலைக்குப் பின்னால் கரையில் படகு கூடிப்போனது. இருந்தும் எங்களுக்கு ஒரு மாசச் சோறு உறுதியில்லை.

மாசி மாசம் ஒரு ராத்திரி, சேரி அடங்கின பிறகு, சிநேகிதன் வந்தான். கையில் பத்து ரூபாய் ஸ்டாம்பு பேப்பர். “எழுது, நான் போடுறேன்.” எழுதினேன். போட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு தின்னச் சொன்னாள் அம்மா. தின்னாமல் போனான். அந்தக் கையெழுத்துக்குக் குப்பத்தில் அவனுக்குத் தண்டம் போட்டார்கள் என்று வெகு நாள் கழித்துக் கேள்விப்பட்டேன். சாதிக் கட்டு என்பது மேலே இருக்கிறவனுக்குச் சும்மா வருகிற சொகுசு என்று நாம் பேசுகிறோம். அதை மீறுகிறவனிடம் விலை கேட்கும். அவன் விலை கொடுத்தான். நான் அன்றைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

பணம் வரும் என்று ஆன பிறகுதான் எங்க வீட்டுக்குள்ளே அலை வந்தது.

அண்ணிக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. இடுப்பில் ஒரு வயசுப் பையன். அவங்க தாலி ராசிதான் அண்ணனை வாரிக்கிட்டுப் போச்சுன்னு தெருவில் பேச்சு. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடன் வேறு. நைனா ஒரே முடிவாகச் சொன்னாரு: “அவ சின்னப் பொண்ணு, இன்னொருத்தனைக் கட்டிப்பா. எம் புள்ள உயிருக்கு வந்த காசு வேற வீட்டுக்குப் போவணுமா?” அண்ணி பையனைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாங்க. போனாங்க என்பதைவிட, போக வைத்தோம் என்பதுதான் சரி. நைனா சொல்லச் சொல்ல நான் மனு எழுதினேன். மருமகள் வீட்டை விட்டுப் போய்விட்டாள், மறுமணம் செய்துகொள்ளப் போகிறாள், ஆகவே தொகையைப் பெற்றோரிடமே கொடுக்கவேண்டும். என் கையெழுத்துத்தான். சேரி மன்றத்தில், அம்பேத்கர் படத்துக்குக் கீழே இருந்த மேசையில் வைத்து எழுதினேன்.

யாரந்த அம்பேத்கர்? 1951இல் சட்ட அமைச்சர் பதவியைத் தூக்கிப்போட்டவர். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது, பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்குரிமையும் கேட்ட இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்றாமல் இழுத்தடித்தது. அந்த மசோதாவிலிருந்து உடைந்து வந்த துண்டுதான் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். அதன்படி செத்தவனுக்கு முதல் வகுப்பு வாரிசு யாரு? மனைவி, பிள்ளைகள், தாய். தகப்பன் அதில் கிடையாது, இரண்டாம் வகுப்பு. மனைவி பின்னால் மறுமணம் செய்துகொண்டாலும், புருசன் செத்த அன்றைக்கு அவளுக்கு வந்து சேர்ந்த பங்கு போகாது. நிவாரணப் பணம் கறாராகப் பார்த்தால் சொத்து ஆகாதுதான். ஆனாலும் ஆபீசில் வாரிசுச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். தாசில்தார் கொடுக்கிற சான்றிதழில் தகப்பன் பேரும் இருக்கும். பேர் இருப்பதாலேயே பங்கு உண்டு என்று ஆகாது. இதெல்லாம் ஒரு வக்கீல் தோழர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரியாத அன்றைக்கு, பெண்ணைச் சொத்துக்குள் விடாத மனு சாஸ்திரத்தை நான் என் கைப்பட எழுதிக்கொண்டிருந்தேன். மனுவை எரித்தவர் படத்துக்குக் கீழே.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணி தனியாக வந்தாங்க. பையனைத் தரையில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்து ஒன்று கேட்டாங்க: “தம்பி, இந்த எழுத்து உங்க எழுத்துதானே? உங்கண்ணன் நோட்டு வாங்கிக் குடுத்துத்தானே எழுதக் கத்துக்கிட்டீங்க?” நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. தொகையில் அண்ணிக்கும் பையனுக்கும் போக, அம்மாவுக்கு ஒரு பங்கு வந்தது. நைனா சாகிற வரைக்கும் அண்ணி முகத்தில் முழிக்கவில்லை. அம்மா மட்டும் திருட்டுத்தனமாகப் பேரனைப் பார்த்துவிட்டு வருவாள்.

இன்னொரு தப்பும் இருக்கிறது. அந்த மாசங்களில் கூலி இழந்தவர்கள் பட்டியல் ஒன்றை நாங்களே தயாரித்தோம். அரசாங்கம் எழுதாவிட்டால் நாமே எழுதுவோம் என்று. நோட்டு என்னிடம். வீடு வீடாகப் போய் எழுதினேன். நல்ல காரியம்தான். கால்வாய்க் கரையில் கொஞ்சம் இருளர் குடிசைகள். கால்வாயிலும் கழிமுகத்திலும் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள். சகதியும் உப்பும் ஏறி அவங்க பிழைப்பு மொத்தமாகப் போயிருந்தது. நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. ‘அவங்க நம்ம சேரி இல்லையே’ என்று யாரோ சொன்னார்கள், சரி என்று விட்டுவிட்டேன். நோட்டோடு போகும்போது ஒரு கிழவி மறித்தாள். “எங்க பேரு எந்த நோட்டுல இருக்குது சாமி?” என்றாள்.

அதுவரைக்கும் என்னை யாரும் சாமி என்று கூப்பிட்டதில்லை தோழர்களே. நான் கூப்பிட்டிருக்கிறேன், எங்க தாத்தா கூப்பிட்டிருக்கிறார். குப்பத்துப் பெரியவர் எனக்குச் சொன்ன பதிலைத்தான் நான் அந்தக் கிழவிக்கு வைத்திருந்தேன். ‘எங்க லிஸ்ட்ல உங்க பேரு எப்படி வரும்?’ சாதி நமக்கு மேலே மட்டும் இருக்கிற பாறை என்று நினைத்திருந்தேன். அது என் சட்டைப்பையிலும் ஒரு பேனாவாக இருந்திருக்கிறது. அன்று சாயங்காலமே போய் அவங்க பேரையும் எழுதினேன். எழுதியதால் நான் பெரிய மனுசன் ஆகிவிடவில்லை. அவள் கேட்டதால் எழுதினேன், அவ்வளவுதான்.

சரி, இதற்கெல்லாம் மூலம் எங்கே? நமக்கு நிலம் இருந்தால், பட்டா இருந்தால், நாம் கணக்கில் இருப்போம். இந்தச் செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையால்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலம் எங்கே? காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியதற்கு 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீசு சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நிலம் இல்லாததால் கரைக்குக் கூலிக்குப் போனோம். கூலிக்குப் போனதால் பட்டியலில் இல்லாமல் போனோம். பட்டியலில் இல்லாததால் சிநேகிதனிடம் கையேந்தினோம், அண்ணியிடம் பிடுங்கப் பார்த்தோம். கடல் வந்தது இதில் கடைசியாகத்தான்.

மாணவத் தோழர்களுக்கு ரெண்டு மூணு காரியம் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு சேரியிலும் ஒரு நோட்டு போடுங்கள். யார் எங்கே, யாரிடம் கூலிக்குப் போகிறார்கள் என்று எழுதி வையுங்கள். விபத்து நடந்த பிறகு சாட்சி தேடினால் சிநேகிதனும் தலை குனிவான். நம்ம பக்கத்தில் இருளர் இருந்தால் அவங்க பேரும் அதே நோட்டில் இருக்கட்டும். வேலையில் சாவு நடந்தால், கான்ட்ராக்டர் ராத்திரியில் பணக்கட்டோடு வருவான், ஊர்ப் பெரியவங்களை வைத்துப் பேசி முடிக்கப் பார்ப்பான். 1923ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்தில், சாவுக்கான தொகையை ஆணையரிடம்தான் கட்டவேண்டும், நேரே வீட்டில் கொடுத்தது நட்டஈடு ஆகாது என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் உரிய அதிகாரியிடம் கட்டுவதுதான் முறை. ஆகவே பஞ்சாயத்தில் பேசி முடிக்காதீர்கள், வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்க விடாதீர்கள். கடைசியாக, செத்தவன் பொண்டாட்டியைக் கேட்காமல் எந்த மனுவும் எழுதாதீர்கள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, படித்துக் காட்டி, அவள் கையெழுத்தோடு எழுதுங்கள்.

போன வருசம் அண்ணி வீட்டுக்குப் போனேன். பையன் இப்ப வேலைக்குப் போகிறான். அந்தப் பழைய மனுவின் நகல் என்னிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்தேன். கிழித்துப்போடுவாங்கன்னு நினைச்சேன். மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, “இருக்கட்டும் தம்பி, இவனுக்குத் தெரியணும்”னாங்க. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டீ மட்டும் கொடுத்தாங்க.

சிநேகிதன் ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் தேதியும் குப்பத்தில் நினைவு அஞ்சலி முடிந்த பிறகு கால்வாயைத் தாண்டி எங்க சுடுகாட்டுக்கு வருவான். நானும் போவேன். ரொம்பப் பேசிக்கொள்வதில்லை. இந்தத் தடவை குப்பத்து நினைவுக் கல்லில் அண்ணன் பேரையும் வெட்டச் சொல்லிப் பஞ்சாயத்தில் கேட்கப்போவதாகச் சொன்னான். கேட்கட்டும். ஆனால் அவன் தனியாகக் கேட்கக்கூடாது, நானும் கூட நிற்பேன் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் வாங்க தோழர்களே.

ஜெய்பீம்.